பார்வைக்கோடும் குழலச்சும்: துப்பாக்கியில் ஸ்கோப் அமர வேண்டிய உயரம்

துப்பாக்கியின் குழலுக்கு மேலே பொருத்தப்படும் சிறு தொலைநோக்கி, அதாவது சுடுதல் விளையாட்டினரும் படைவீரர்களும் ஸ்கோப் என்றே அழைக்கும் கருவி, எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் அமர வேண்டும் என்ற கேள்வி, கடைக்காரர் ஒரு சொல்லில் தீர்த்துவைக்கக்கூடிய சில்லறை ஐயம் போலத் தோன்றினாலும், நேராகச் செல்லும் ஒளியையும் விழுந்துகொண்டே செல்லும் குண்டையும் ஒரே புள்ளியில் சந்திக்கவைப்பது எப்படி என்ற பழைய இயற்பியல் சிக்கலே அதற்குள் இருக்கிறது. குழலின் துளை நடுவே நீளவாக்கில் ஓடுவதாகக் கொள்ளப்படும் கற்பனைக் கோடு குழலச்சு எனப்படும். சுடுபவரின் கண்ணிலிருந்து ஸ்கோப்பின் குறுக்குக்கம்பி வழியாக இலக்கு வரை செல்லும் கோடு பார்வைக்கோடு. இவ்விரண்டுக்கும் இடையே துப்பாக்கியின் மீது அளக்கப்படும் செங்குத்துத் தொலைவே பார்வை உயரம். சுடுபவர் பார்ப்பது ஒரு கோட்டில், குண்டு புறப்படுவது மற்றொரு கோட்டில் என்பதால், இரண்டும் எங்கே வெட்டிக்கொள்ள வேண்டும் என்பதை யாராவது முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது.

இச்சிக்கல் ஸ்கோப்புக்கு வெகுகாலம் முந்தியது என்பதற்குக் காஞ்சிபுரத்தின் சுற்றுப்புறமே சான்று தரும். 1780 செப்டம்பர் 10 அன்று, காஞ்சிக்கு வடக்கே உள்ள புள்ளலூரில், கர்னல் வில்லியம் பெய்லியின் தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் சூழ்ந்து முறியடித்தபோது, ஹெக்டர் மன்றோ தம் பெரும்படையுடன் காஞ்சிபுரத்தில்தான் இருந்தார். பெய்லிக்கு உதவ இயலாத நிலையில், தம்மிடமிருந்த கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னை நோக்கிப் பின்வாங்கினார். மைசூர்ப் படையின் இரும்புக்குழல் ராக்கெட்டுகளுக்காகவே அப்போர் பெரிதும் பேசப்படுகிறது. ஆனால் பார்வைக்கோட்டின் வரலாற்றைத் தேடுபவர் கவனிக்க வேண்டியவை ராக்கெட்டுகளைக் காட்டிலும் அக்காலப் பீரங்கிகளே, ஏனெனில் அவற்றின் உருவத்துக்குள்ளேயே பார்வை உயரத்தின் கணக்கு வார்க்கப்பட்டிருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பீரங்கி, வெடிமருந்து எரியும் பின்பகுதியில் தடித்தும் வாய்ப்பகுதியை நோக்கிச் செல்லச் செல்ல மெலிந்தும் வார்க்கப்பட்டது. ஆகவே பீரங்கியாளர் அதன் மேற்பரப்பை ஒட்டிக் கண்ணை வைத்து இலக்கைப் பார்த்தால், அவருடைய பார்வைக்கோடு குழலச்சுக்கு இணையாக இராமல் முன்னோக்கிச் சரிந்திருக்கும், அதாவது பார்வை இலக்கின் மீது நேராக நிற்கும்போதே குழல் சற்று மேல்நோக்கியிருக்கும். பின்பகுதியின் ஆரம் வாய்ப்பகுதியின் ஆரத்தைவிட 4 செ.மீ. கூடுதலாகவும் இரண்டுக்கும் இடையே 1.8 மீட்டர் தொலைவும் இருப்பதாகக் கொண்டால், இவ்வாறு தானாகவே அமையும் ஏற்றம் ஏறத்தாழ ஒன்றேகால் பாகை ஆகும். தொலைவிலுள்ள இலக்குக்கு இந்த ஏற்றம் வரமாக இருந்தது. அருகிலுள்ள இலக்குக்கோ குண்டு தலைக்கு மேலே பறந்துவிடும் என்பதால், அந்த ஆர வேறுபாட்டின் அளவுக்கு உயரமுள்ள ஒரு சிறு குறியை வாய்ப்பகுதியின் மீது நிறுத்திப் பார்வைக்கோட்டைக் குழலச்சுக்கு இணையாக்கும் வழக்கம் பீரங்கியாளர்களிடம் இருந்தது. உயரத்தை மாற்றினால் கோணம் மாறும், கோணம் மாறினால் கோடுகள் வெட்டும் இடம் மாறும் என்ற விதியை அவர்கள் கையால் அறிந்திருந்தார்கள்.

அதே போரில் சிப்பாய்கள் ஏந்திய கம்பெனித் துப்பாக்கிக்கு இந்தக் கவலையே இல்லை. பிரவுன் பெஸ் என்ற பெயரால் அறியப்படும், உட்புறம் வழுவழுப்பான குழல் கொண்ட அந்தத் துப்பாக்கிக்குப் பின்குறியே கிடையாது. குத்துவாளைப் பூட்டுவதற்காகக் குழலின் நுனியில் வைத்த சிறு முளையே முன்குறியாகவும் பயன்பட்டது. நூறு மீட்டருக்கு அப்பால் தனி ஒருவரைக் குறிவைப்பது பயனற்றது என்ற நிலையில், வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடுவதே முறையாக இருந்தமையால், சில மில்லிமீட்டர்களைப் பற்றி எவரும் அலட்டிக்கொள்ளவில்லை. குழலுக்குள் சுருள்வரி வெட்டும் முறை பரவி, 1853-ஆம் ஆண்டின் என்ஃபீல்டு துப்பாக்கி பல நூறு மீட்டருக்குக் குண்டைச் செலுத்தத் தொடங்கிய பிறகே, ஏணிபோல் நிமிர்த்தக்கூடிய பின்குறி தேவைப்பட்டது. தொலைவு கூடக்கூடப் பின்குறியை உயர்த்தினால் குழல் அந்த அளவுக்கு மேல்நோக்கும்.

ஸ்கோப் வந்தபோது, அதைக் குழலுக்கு நேர் மேலே வைப்பதுகூடத் தொடக்கத்தில் உறுதியாகவில்லை. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையின் குட்டை லீ-என்ஃபீல்டு துப்பாக்கிக்குத் தோட்டாக்களை மேலிருந்து கோத்து அழுத்தி நிரப்ப வேண்டியிருந்ததால், அந்த வழியை அடைக்காமலிருக்க ஸ்கோப்பைக் குழலின் இடப்பக்கமாக ஒதுக்கிப் பொருத்தினார்கள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் எம்1 காரண்ட் துப்பாக்கிக்கும் இதே காரணத்தால் இதே கதி நேர்ந்தது. பக்கவாட்டு விலகலில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. புவியீர்ப்பு குண்டைக் கீழே மட்டுமே இழுக்கிறது என்பதால், ஸ்கோப் நேர் மேலே இருந்தால் உயர வேறுபாடும் குண்டின் வீழ்ச்சியும் ஒரே செங்குத்துத் தளத்தில் நிகழ்ந்து ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்யும். ஸ்கோப் பக்கவாட்டில் இருந்தாலோ அதை ஈடுசெய்ய எந்த விசையும் இல்லாமல், சரிசெய்த தொலைவுக்கு முன்னால் குண்டு ஒரு பக்கமும் அதைக் கடந்தபின் மறுபக்கமும் விலகிக்கொண்டே போகும். இன்றைய துப்பாக்கிகளில் ஸ்கோப் நேர் மேலே அமர்ந்திருப்பதற்கு இதுவே அடிப்படை.

நேர் மேலே என்றான பிறகு, எவ்வளவு மேலே என்பதுதான் கேள்வி. குழலை விட்ட நொடியிலிருந்தே குண்டு விழத் தொடங்குகிறது. அது எழும்பிப் பின் விழுவதாகத் தோன்றுவதற்குக் காரணம், பார்வைக்கோட்டை எட்டும்படி குழல் சற்று மேல்நோக்கிச் சாய்க்கப்பட்டிருப்பதே. ஆகவே குண்டு பார்வைக்கோட்டுக்குக் கீழிருந்து புறப்பட்டு, அதை ஒருமுறை வெட்டி மேலேறி, பின்னர் இறங்கும்போது மறுமுறை வெட்டுகிறது. குறிப்பிட்ட ஒரு தொலைவில் குறியும் குண்டுபடும் இடமும் ஒன்றாகும்படி ஸ்கோப்பின் திருகுகளைத் திருப்பி ஒழுங்குபடுத்துவதையே ஜீரோ செய்தல் என்கிறார்கள்.

1966-இல் தொடங்கப்பட்ட திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் உருவான துப்பாக்கிகளுள் ஒன்றான இன்சாஸை எடுத்துக்கொள்ளலாம். 5.56 மி.மீ. விட்டமுள்ள அதன் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. அத்தகைய குண்டைச் சுடும் ஒரு துப்பாக்கியில் பார்வை உயரம் 6.5 செ.மீ. எனவும், ஜீரோ செய்த தொலைவு 50 மீட்டர் எனவும் வைத்துக் கணக்கிட்டால், குண்டு பார்வைக்கோட்டை இரண்டாம் முறை வெட்டுவது 180 மீட்டரைச் சுற்றி நிகழும். அதே துப்பாக்கியில் ஸ்கோப்பை 4 செ.மீ. உயரத்துக்கு இறக்கி, அதே 50 மீட்டரில் மறுபடி ஜீரோ செய்தால், இரண்டாம் வெட்டு 120 மீட்டருக்குள்ளேயே வந்துவிடும். குண்டும் மாறவில்லை, வேகமும் மாறவில்லை. இரண்டரை சென்டிமீட்டர் உயரம் மட்டுமே மாறியிருக்கிறது. ஒருவருடைய துப்பாக்கிக்குப் பொருந்திய ஜீரோ அட்டவணையை மற்றொருவர் அப்படியே எடுத்துக்கொண்டு ஏமாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

இவ்வளவு பெரிய மாற்றத்தைக் கண்டு உயரம் என்பது அஞ்சத்தக்கது என்று கருதிவிடவும் கூடாது, ஏனெனில் அருகில் ஜீரோ செய்யும்போது மட்டுமே அதன் விளைவு இப்படிப் பெருகுகிறது. இரண்டு வெவ்வேறு உயரங்களில் ஸ்கோப்பை வைத்து, இரண்டையும் ஒரே தொலைவில் ஜீரோ செய்தால், வேறெந்தத் தொலைவிலும் குண்டுபடும் இடங்களுக்கு இடையிலான வேறுபாடு ஒரு மிக எளிய கணக்குக்குள் அடங்கும்: இலக்கின் தொலைவை ஜீரோ தொலைவால் வகுத்து, அதிலிருந்து ஒன்றைக் கழித்து, உயர வேறுபாட்டால் பெருக்கினால் போதும். காற்றுத்தடையோ குண்டின் எடையோ இதில் நுழைவதே இல்லை, ஏனெனில் அவை இரண்டு அமைப்புகளுக்கும் பொதுவானவை. 100 மீட்டரில் ஜீரோ செய்த துப்பாக்கியில் 2.5 செ.மீ. உயர வேறுபாடு 200 மீட்டரில் 2.5 செ.மீ. வேறுபாட்டையும் 300 மீட்டரில் 5 செ.மீ. வேறுபாட்டையும்தான் தரும். 7.62 மி.மீ. நேட்டோ வகைக் குண்டு 300 மீட்டரைச் சென்றடைவதற்குள் குழலச்சிலிருந்து முக்கால் மீட்டருக்கும் கூடுதலாக விழுந்துவிடுகிறது என்பதோடு ஒப்பிட்டால், இது பெரிய தொகையன்று. உயர்ந்த ஸ்கோப்பைப் பொருத்தியவருக்கு 300 மீட்டரில் குண்டு 5 செ.மீ. மேலே படும், அதாவது வீழ்ச்சி குறைந்ததுபோல் தெரியும் என்பதும் கவனிக்கத்தக்கது. பொதுவாகப் புழங்கும் ஸ்கோப்பின் திருகில் ஒரு கிளிக் என்பது 100 மீட்டரில் ஏறத்தாழ 7 மி.மீ. நகர்வு என்பதால், 2.5 செ.மீ. உயர மாற்றத்தை மூன்று அல்லது நான்கு கிளிக்குகள் ஈடுசெய்துவிடுகின்றன.

உயரமான ஸ்கோப்புக்கு எதிராகச் சொல்லப்படும் மற்றொரு குற்றச்சாட்டு, துப்பாக்கி பக்கவாட்டில் சாயும்போது ஏற்படும் பிழையை அது பெருக்கிவிடும் என்பது. இதைச் சோதித்துப் பார்க்கக் காற்றுத்துப்பாக்கியே தக்க களம். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ டி ஜெனிரோவில் உலகக்கோப்பைத் தங்கத்தை வென்ற 10 மீட்டர் காற்றுத்துப்பாக்கிப் பிரிவில், இலக்கு அட்டையின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர் விட்டமே உடையது. அடுத்தடுத்த வட்டங்கள் 2.5 மி.மீ. இடைவெளியில் அமைகின்றன, புள்ளியில் பத்தில் ஒரு பங்கு என்பது கால் மில்லிமீட்டர் நகர்வு. நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் செல்லும் ஈயக்குண்டு 10 மீட்டரைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் சுமார் 1.7 செ.மீ. விழுகிறது. குறி இலக்கின் நடுவில் நிற்கும்போதே துப்பாக்கி பார்வைக்கோட்டைச் சுற்றி 2 பாகை சாய்ந்துவிட்டால், அந்த 1.7 செ.மீ. வீழ்ச்சியின் ஒரு சிறு பங்கு பக்கவாட்டுக்கு மாறி, குண்டு 0.6 மி.மீ. விலகிப் படும், அதாவது ஒரு சுடுதலில் பத்தில் இரண்டு பங்குப் புள்ளி போய்விடும். பாரிஸ் ஒலிம்பிக்கின் தகுதிச்சுற்றில் 60 குண்டுகளுக்கு 630.7 புள்ளிகள் பெற்றும் இளவேனில் பத்தாமிடத்தில் நின்று, எட்டுப் பேர் மட்டுமே நுழையும் இறுதிச்சுற்றைத் தவறவிட்டார் என்பதை நினைத்தால், அந்தப் பத்தில் இரண்டின் மதிப்பு விளங்கும்.

இந்தக் கணக்கில் பார்வை உயரம் எங்குமே வரவில்லை. ஜீரோ செய்த தொலைவில் சாய்வினால் வரும் பிழை குண்டின் வீழ்ச்சியை மட்டுமே பொறுத்தது. குறி குழலுக்கு 3 செ.மீ. மேலிருந்தாலும் 6 செ.மீ. மேலிருந்தாலும் அது ஒன்றே. ஜீரோ தொலைவை விட்டு அப்பாலோ இப்பாலோ சுடும்போதுதான், அதுவும் திருகைத் திருப்பாமல் பழைய ஜீரோவிலேயே சுடும்போதுதான், உயரம் இப்பிழையில் பங்கேற்கிறது. நெடுந்தொலைவுக்குச் சுடுபவர் ஒவ்வொரு தொலைவுக்கும் திருகைத் திருப்பி ஜீரோவையே அங்கே கொண்டுபோய்விடுவதால், அவருக்கும் ஸ்கோப்பின் உயரம் இவ்வகையில் பகையாவதில்லை. 300 மீட்டரில் 2 பாகைச் சாய்வு தரும் ஏறத்தாழ 2.7 செ.மீ. விலகலை நீக்க அவர் ஸ்கோப்பை இறக்குவதைவிட, அதன்மீது ஒரு சிறு ரசமட்டத்தைப் பொருத்துவதே மேல். உயர்ந்த ஸ்கோப் சாய்வுப்பிழையைக் கூட்டும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லப்படுவது, ஆகவே, பாதி உண்மையாகக்கூட நிற்காது.

அப்படியானால் உயரத்தைத் தீர்மானிக்க வேண்டியது எது? சுடுபவரின் உடல், குறிப்பாகக் கன்ன எலும்புக்கும் கண்மணிக்கும் இடையிலான தொலைவு. சுடுபவர் துப்பாக்கிக் கட்டையின் மீது கன்னத்தை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் பதித்தாக வேண்டும். அப்படிப் பதித்தபோது கண் தானாகவே ஸ்கோப்பின் நடுவில் வந்து நிற்க வேண்டும். ஸ்கோப்பின் பின்கண்ணாடியிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம், முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்துக் கிடைப்பது, 40 மி.மீ. முன்கண்ணாடியும் பத்து மடங்கு உருப்பெருக்கமும் உள்ள ஸ்கோப்பில் அது 4 மி.மீ. மட்டுமே. ஸ்கோப் தேவைக்கு மேல் ஒரு விரலளவு உயர்ந்திருந்தால், கன்னத்தைக் கட்டையிலிருந்து தூக்கி, தாடையை மட்டும் ஊன்றிக்கொண்டு, அந்த 4 மி.மீ. கற்றையைத் தேட வேண்டியிருக்கும். தாழ்ந்திருந்தாலோ கன்னத்தை அழுத்திக் கழுத்தை வளைக்க வேண்டியிருக்கும்.

கண் நடுவை விட்டு விலகினால் நேர்வது இடமாறு தோற்றப்பிழை. ஸ்கோப் எந்தத் தொலைவுக்கு ஒருமுகப்படுத்தப்பட்டிருக்கிறதோ அத்தொலைவில் மட்டுமே குறுக்குக்கம்பியும் இலக்கின் பிம்பமும் ஒரே தளத்தில் விழுகின்றன. மற்றத் தொலைவுகளில் கண் அசைந்தால் குறுக்குக்கம்பியும் இலக்கின் மீது அசைவதாகத் தெரியும். 100 மீட்டருக்கு ஒருமுகப்படுத்திய, 40 மி.மீ. முன்கண்ணாடி கொண்ட ஸ்கோப்பில், கண் ஒளிக்கற்றையின் விளிம்புக்கே போய்விட்டால், 50 மீட்டரில் 1 செ.மீ. வரையும் 200 மீட்டரில் 2 செ.மீ. வரையும் குறி தவறக்கூடும். உயர வேறுபாட்டினால் 200 மீட்டரில் வந்த 2.5 செ.மீ. விலகலுக்கு ஏறக்குறைய நிகரான தொகை இது. ஆனால் முன்னது ஒவ்வொரு முறையும் ஒரே திசையில், ஒரே அளவில் நிகழ்வதால் கணக்கிட்டுத் திருத்திவிடலாம். பின்னது தலை பதியும் விதத்துக்கேற்ப ஒருமுறை மேலும் ஒருமுறை கீழும் நிகழ்வதால் எந்தத் திருகாலும் திருத்த முடியாது. இயன்றவரை தாழ்வாகப் பொருத்து என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் அறிவுரை, கட்டை கீழ்நோக்கி வளைந்திருந்த பழைய வேட்டைத் துப்பாக்கிகளில் கன்னம் தாழ்வாகவே பதிந்தது என்பதால் பிறந்தது. அந்தக் காரணம் மறைந்த இடத்திலும் அறிவுரை மட்டும் நீடிக்கிறது.

கட்டையின் வடிவம் உயரத்தை எப்படி மாற்றுகிறது என்பதற்கு இராணுவத் துப்பாக்கிகள் தெளிவான சான்று. கலாஷ்னிகோவ் வகைத் துப்பாக்கியில் கட்டை குழலச்சுக்குக் கீழே இறங்கியிருப்பதால் கண்ணும் தாழ்ந்து, குறிகளும் குழலை ஒட்டியே அமைந்தன. அமெரிக்காவின் எம்16 துப்பாக்கியிலோ, பின்னுதைப்பு நேராகத் தோளுக்குள் சென்று குழல்வாய் எகிறுவது குறைய வேண்டும் என்பதற்காகக் கட்டையைக் குழலச்சின் நேர்க்கோட்டிலேயே வைத்தார்கள்; தோள் மேலேறாது, கண்ணும் கீழிறங்காது என்பதால், குறிகளை ஏறத்தாழ 6.5 செ.மீ. உயர்த்துவதைத் தவிர வழியில்லாமற் போயிற்று. தலைக்கவசமும் முகமூடியும் அணிந்து நின்றபடி சுடுபவர்களுக்கு இதனினும் உயர்ந்த மவுண்டுகள் விற்கப்படுவது இதன் தொடர்ச்சியே. ஸ்கோப்புக்கே இடமில்லாத ஒலிம்பிக் காற்றுத்துப்பாக்கிப் போட்டியிலும், தலையை நிமிர்த்தி வைத்துக்கொள்வதற்காகத் துளைக்குறிகளின் அடியில் உயர்த்துகட்டைகளைச் செருகும் பழக்கம் இருக்கிறது; கழுத்து வளைந்தால் உடல் சமநிலையும் பார்வையும் சேர்ந்தே கெடும் என்பதை அவ்வீரர்கள் அறிவார்கள்.

துப்பாக்கியின் உலோகமும் ஒரு கீழெல்லையை விதிக்கிறது. 50 மி.மீ. முன்கண்ணாடி கொண்ட ஸ்கோப்பின் முன்பகுதி, வெளிச்சுவரோடு சேர்த்து 57 மி.மீ. விட்டம் இருப்பதாகவும், அவ்விடத்தில் குழலின் விட்டம் 22 மி.மீ. எனவும் கொண்டால், இரண்டு ஆரங்களும் சேர்ந்தே 39.5 மி.மீ. ஆகிவிடுகின்றன, இடையே 2 மி.மீ. இடைவெளியாவது வேண்டும் என்பதால் 41.5 மி.மீ.க்குக் கீழே ஸ்கோப் இறங்கவே முடியாது. சுடும்போது குழல் அதிர்கிறது, தொடர்ந்து சுட்டால் சூடேறி விரிகிறது. ஸ்கோப் அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு இடத்துக்குப் போகும். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் உருளையான போல்ட்டின் கைப்பிடி ஸ்கோப்பில் இடிக்காமல் எழும்ப இடம் வேண்டும். கண்ணாடி மூடிகளுக்கும் இடம் வேண்டும். பெரிய முன்கண்ணாடியை ஆசைப்பட்டு வாங்குபவர் அதனுடன் உயரத்தையும் வாங்குகிறார். அந்த உயரத்துக்குக் கன்னம் எட்டவில்லை என்றால், ஸ்கோப்பை இறக்கப் போராடுவதைவிடக் கட்டையின் மேல்விளிம்பில் கன்னத்தாங்கி ஒன்றைப் பொருத்திக் கன்னத்தை உயர்த்துவதே செலவு குறைந்த, பிழையற்ற வழி.

வாங்கும்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தாழ்வு, நடுத்தரம், உயர்வு என்று, ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் வளையங்களான ரிங்குகளின் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் சொற்களுக்குப் பொது அளவு எதுவும் இல்லை. ஒரு நிறுவனம் ஸ்கோப் குழாயின் நடுவரை அளக்கிறது, மற்றொன்று குழாயின் அடிவரை மட்டுமே அளக்கிறது, குழாயின் விட்டமோ 25.4 மி.மீ., 30 மி.மீ., 34 மி.மீ. என்று வேறுபடுகிறது. ஆகவே பெட்டியின் சொல்லை நம்பாமல், பொருத்திய பிறகு வெர்னியர் காலிபர் கொண்டு போல்ட்டின் மேற்பரப்பிலிருந்து ஸ்கோப் குழாயின் அடிவரை அளந்து, அத்துடன் போல்ட்டின் விட்டத்தில் பாதியையும் குழாயின் விட்டத்தில் பாதியையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இடைவெளி 20 மி.மீ., போல்ட் 18 மி.மீ., குழாய் 30 மி.மீ. என்றால் பார்வை உயரம் 44 மி.மீ.; எறிபாதையைக் கணிக்கும் செயலிகளில் பதிய வேண்டிய எண் இதுவே. ஆனால் அளப்பதற்கும் திருகை முடுக்குவதற்கும் முன்பாக, தோட்டா இல்லாத துப்பாக்கியைத் தோளில் வைத்து, கண்களை மூடியபடி கன்னத்தைப் பதித்து, பிறகு திறந்து பார்க்க வேண்டும்; அப்போது ஸ்கோப்பின் வட்டம் ஓரங்களில் கருநிழல் இல்லாமல் முழுமையாகத் தெரிந்தால் உயரம் சரி, தெரியாவிட்டால் ரிங்கையோ கட்டையையோ மாற்றியாக வேண்டும்.